இறைச்சி கழுவும் வழக்கம்

1896ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்த சமையற் பாடசாலை ஒன்றின் தலைவியாகிய ஃபனி பார்மர் என்னும் அம்மையார் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். கைக்கணக்கையும் கண்கணக்கையும் விட்டு, அளவுக் கோப்பையும் அளவுக் கரண்டியும் கொண்டு சமைக்கும் முறையை அந்நாட்டு வீடுகளிலே நிலைபெறச் செய்த நூல் அது. கோழியைச் சமையலுக்கு ஆயத்தஞ் செய்யும் விதத்தைக் கூறுமிடத்து, அதன் உள்ளே குளிர்ந்த நீர் பாய்ந்து வெளியேறும்படி கழுவவேண்டும் என்று அந்நூல் விதித்தது. 2019ஆம் ஆண்டிலே அதே நாட்டின் விவசாயத் திணைக்களம், கோழியைக் கழுவுதல் ஆபத்தானது, கழுவாமலே சமைத்தல் நன்று என்று மக்களுக்கு அறிவித்தது. இரண்டு கூற்றுக்கும் இடையே கழிந்தவை 123 ஆண்டுகள். இரண்டுமே சுத்தத்தை முன்னிட்டுக் கூறப்பட்டவை.

பார்மர் அம்மையார் அறியாமையாற் கூறினாரோ என்று ஐயுறுவதற்கு இடமில்லை. அவர் காலத்து அமெரிக்கக் கோழி இக்காலத்துக் கடையிலே பொதிசெய்து கிடைக்கும் கோழி அன்று. நியூயோர்க் முறை என வழங்கிய முறையிலே, இரத்தத்தை வடித்து இறகைப் பறித்த மாத்திரத்தில் கோழி கடைக்கு வந்தது. தலையும் காலும் அதனோடு இருந்தன. குடலும் ஈரலும் உள்ளேயே இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர், மிஞ்சிய மயிர்களை நெருப்பிலே பொசுக்குவதும், வயிற்றைக் கிழித்துக் குடலை எடுப்பதும், பித்தப்பை உடையாமல் ஈரலைப் பிரிப்பதும் இல்லத்தரசியின் வேலையாயிருந்தன. இவ்வளவும் செய்த ஒருத்தி அப்பறவையைக் கழுவாமல் அடுப்பில் வைப்பாளாயின் அவளை அயலவர் என்ன சொல்லியிருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நீடித்தது. குடல் நீக்கும் வேலை தொழிற்சாலைக்குப் போனபின்னரும், கழுவும் வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது. காரணம் போனபின்னும் வழக்கம் போகாமையை வரலாற்றிலே எங்கணும் காணலாம்.

அதே நூலில் ஆடு மாடுகளின் இறைச்சிக்கு விதி வேறாயிருப்பது கவனித்தற்குரியது. அதனைக் கழுவவேண்டியதில்லை, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சீலையினால் துடைத்தால் போதும், நீரிலே ஊறவிடலாகாது, சாரம் வெளியேறிவிடும் என்பது அவ்விதியின் கருத்து. இந்தச் சாரம் பற்றிய அச்சத்தின் பின்னாலே ஒரு பேரறிஞர் நிற்கின்றார். ஜெர்மனியின் இரசாயன அறிஞராகிய யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், இறைச்சியின் சத்தெல்லாம் அதன் சாற்றிலே உள்ளதென்றும், அச்சாறு குளிர்நீரிலே கரைந்துபோகும் என்றும் 1847ஆம் ஆண்டளவிலே போதித்தார். இறைச்சியின் மேற்புறத்தைக் கடுஞ்சூட்டிலே இறுகச் செய்தால் சாறு உள்ளே அடைபடும் என்பதும் அவர் கொள்கை. பிற்காலப் பரிசோதனைகள் இவ்வடைபடுதல் நிகழ்வதில்லை என்று காட்டின. ஆனால் அதற்கு முன்னரே ஆங்கிலச் சமையல் நூலாசிரியரும் அமெரிக்கச் சமையல் ஆசிரியைகளும் லீபிக்கின் சொல்லை வேதவாக்காகக் கொண்டுவிட்டனர். இறைச்சியை ஊறவைத்தல் ஐரோப்பிய அடுக்களையிலே விரயம் என்று எண்ணப்பட்டமைக்கு இக்கொள்கை ஒரு முக்கிய காரணம். பிற நாட்டார் பலர் எதனை வெளியேற்றுவதற்காக இறைச்சியை ஊறவைத்தனரோ, அதனையே உள்ளே நிறுத்துவதற்கு ஐரோப்பியர் முயன்றனர்.

அவ்வாறு வெளியேற்ற விரும்பப்பட்ட பொருள் இரத்தம். இவ்விஷயத்தில் யூதர்களுடைய விதியைப் போல நுணுக்கமானது வேறில்லை எனலாம். இரத்தத்தை உண்ணலாகாதென்பது பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்திலேயே காணப்படும் கட்டளை. உயிர் இரத்தத்திலே உள்ளதென்பது அதற்குக் கூறப்படும் நியாயம். ஆனால் அறுத்த மிருகத்தின் தசைக்குள்ளே தங்கியிருக்கும் இரத்தத்தை என்ன செய்வது? தல்மூத் என்னும் யூத சட்டத் தொகுதியிலே இக்கேள்வி ஆராயப்பட்டது. நன்றாக உப்பிட்டு நன்றாகக் கழுவினாலன்றி இறைச்சியை விட்டு இரத்தம் நீங்காதென்பது ஆங்கு எடுத்துரைக்கப்பட்ட முடிபு. பின்னர், யோசேப்பு காரோ என்னும் அறிஞர் இயற்றி 1565ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரில் அச்சேறிய ஷுல்ஹான் அரூக் என்னும் நூலும், அதன் வழிவந்த உரைகளும் இம்முறையை ஒழுங்குபடுத்தின.

அம்முறை பின்வருமாறு: முதலில் இறைச்சியை நீரிலே கழுவி, அரை மணி நேரம் நீரில் ஊறவிடுவர். ஊறினால் மேற்புறம் இளகும். ஒட்டியிருந்த இரத்தமும் அகலும். பின்னர் நீரை வடியவிட்டு, எல்லாப் பக்கங்களிலும் பருக்கை உப்பைத் தூவுவர். தூளுப்பு உடனே கரைந்துபோகும்; பருக்கை உப்போ இறைச்சியின்மேற் கிடந்து ஈரத்தை இழுக்கும். அமெரிக்கக் கடைகளிலே இக்காலத்தும் பருக்கை உப்புக்குக் கோஷர் உப்பு என்னும் பெயர் வழங்குவது இவ்வழக்கத்தினாலேதான். உப்பிட்ட இறைச்சியைச் சரிந்த பலகையிலோ துளைகளுள்ள தட்டிலோ ஒரு மணி நேரம் வைப்பர். வடியும் இரத்தம் மீண்டும் இறைச்சியிலே படாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே பலகைக்கு அந்தச் சரிவு. இறுதியாக மும்முறை கழுவுவர். ஈரலிலே இரத்தம் மிகுதி. ஆதலின் அதற்கு உப்பும் நீரும் போதா, நெருப்பிலே வாட்டியே உண்ணவேண்டும்.

இவ்விதிகளுள் ஒன்று தனியே எடுத்து நோக்கத்தக்கது. இறைச்சி ஊறவைக்கும் பாத்திரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். பிற உணவுகளுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. கிருமி என்ற ஒன்றை எவரும் அறியாத காலத்திலே, சுகாதாரத்தை நினையாமல், சமயத் தூய்மையையே நினைந்து விதித்த விதி இது. ஆயினும் பச்சை இறைச்சியின் நீர் மற்ற உணவிலே கலவாதபடி அது தடுத்தது. பிற்காலத்திலே சுகாதார அதிகாரிகள் பெரும்பாடுபட்டு மக்களுக்குச் சொல்ல முயன்றதும் இதனையே.

அறுத்து மூன்று நாட்களுக்குள் நீர் படாத இறைச்சியிலே இரத்தம் உறைந்துவிடும், அதன்பின் உப்பினால் நீக்கமுடியாது என்பதும் அவர்களுடைய கொள்கை. அறுக்குமிடமும் சமைக்குமிடமும் அருகருகே இருந்த காலத்தில் இது தொல்லையாகத் தோன்றவில்லை. இறைச்சி தூர இடங்களுக்குச் செல்லத் தொடங்கியபின், மூன்று நாள் முடிவதற்குள் இடைவழியிலே அதனை நனைப்பது ஒரு தனி வேலையாயிற்று. இக்காலத்திலே ஊறவைத்தலும் உப்பிடுதலும் பெரும்பாலும் இறைச்சிக் கடையிலேயே முடிந்துவிடுகின்றன; யூத இல்லத்தரசிகளுள் அப்பலகையைத் தம் வீட்டிலே வைத்திருப்போர் சிலரே.

இரத்தம் என்று மக்கள் எண்ணுவது முழுவதும் இரத்தமன்று என்பதையும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். கடையில் வாங்கிய இறைச்சியிலிருந்து கசியும் செந்நீர் பெரும்பாலும் தசையிலுள்ள நீரே. அதற்குச் சிவப்பு நிறம் ஊட்டுவது மயோகுளோபின் என்னும் புரதம். இரத்தத்தின் பெரும்பகுதி அறுக்கும்போதே வடிந்துவிடுகின்றது. இஸ்லாமிய சட்டம் ஒருவகையில் இவ்வேறுபாட்டை ஒட்டியே செல்கின்றது: வழிந்தோடும் இரத்தம் விலக்கப்பட்டது, முறைப்படி அறுத்தபின் தசையிலே தங்கியது விலக்கப்படவில்லை. ஆகவே முஸ்லிம் வீடுகளில் இறைச்சியை நன்கு கழுவுவது வழக்கமாயினும், யூதரைப் போல நாழிகைக் கணக்கிட்டு உப்பிட்டு இரத்தத்தை இழுப்பது அங்கே கடமையாகவில்லை.

சீனருக்கு இரத்தம் சமயப் பகையன்று. உறைந்த இரத்தத்தையே அவர்கள் கறியாக்கி உண்பர். எனினும் இறைச்சியின் செந்நீரும் அதன் நாற்றமும் சாற்றைக் கெடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஆறாம் நூற்றாண்டிலே ஜியா சிஷியே என்பார் எழுதிய சீமின் யாவோஷு என்னும் விவசாய நூல், பன்றிக்குட்டியை வாட்டும் முறையைச் சொல்லும்போது, அதனைத் தேய்த்துக் கழுவிச் சுரண்டி மிகத் தூயதாக்கும்படி கூறுகின்றது. அதனினும் சிறப்பான உபாயம் ஒன்று சீன அடுக்களையிலே உண்டு. இறைச்சியைக் குளிர்ந்த நீரிலிட்டு அடுப்பிலேற்றி, ஒரு கொதி வந்ததும், மேலே திரளும் நுரையோடு அந்நீரை முழுவதும் கொட்டிவிடுவர். அதன்பின்னரே இறைச்சியை வெந்நீரில் அலசி, புதிய நீரிலே சமைப்பர். கழுவுதல் இங்கும் உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு முறை நெருப்பு வந்துவிடுகின்றது. கொரிய நாட்டார் விலா எலும்பைக் குளிர்ந்த நீரில் நெடுநேரம் ஊறவைத்துச் செந்நீரை நீக்குவதும், ஜப்பானியர் இறைச்சியின்மேலும் மீனின்மேலும் கொதிநீர் ஊற்றி மேற்புறம் வெளுத்தவுடன் குளிர்நீரில் இடுவதும் இதனோடு உறவுடைய வழக்கங்களே.

வெப்ப நாடுகளிலே வேறொரு பொருள் முன்வந்து நிற்கின்றது, அது புளிப்பு. ஜமெய்க்கா, திரினிடாட், ஹெயிட்டி முதலிய கரிபியத் தீவுகளிலே, கோழியானாலும் ஆடானாலும் தேசிக்காயோ வினாகிரியோ புளித்தோடையோ கொண்டு தேய்த்துக் கழுவாமற் சமைக்கும் வீட்டைக் காண்பது அரிது. பனிப்பெட்டி இல்லாத காலத்திலே, காலையில் அறுத்தது நண்பகலுக்குள் மணக்கத் தொடங்கும் நாடுகள் அவை. தமிழருடைய வழக்கமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. மஞ்சளும் உப்பும் இட்டுப் பிசறி, புளிக்கரைசலோ தேசிச்சாறோ விட்டுக் கழுவினாற்றான் வெடுக்குப் போகும் என்பது யாழ்ப்பாணத்து இல்லங்கள் அறிந்த செய்தி. தமிழ்நாட்டார் அதனைக் கவிச்சி என்பர். மீனைப் பொறுத்தவரையில் இதற்கு இரசாயன நியாயமும் உண்டு. மீனின் நாற்றத்துக்குக் காரணமான அமைன் என்னும் பொருள்களைப் புளிப்பு பிணித்துவிடுகின்றது. கிருமியைப் பொறுத்தவரையிலோ தேசிக்காயை நம்புவதற்கில்லை. அது தசையின் மடிப்புகளிலே இருக்கும் கிருமிகளை ஒழிப்பதில்லை.

நாலைந்து பேர் கூடி ஓர் ஆட்டை வாங்கி வெட்டிப் பங்கிட்டுக்கொள்ளும் பங்கிறைச்சியை எண்ணிப் பார்த்தால், கழுவுவதற்கு வேறு காரணமும் இருந்தமை புலப்படும். கத்தி எலும்பிலே பட்டுத் தெறித்த சிம்புகளும், ஒட்டிய மயிரும், நிலத்து மணலும் அதிலே கிடக்கும். அவற்றைக் கழுவாமல் உண்ண எவராலும் இயலாது. மேலும், கழுவிய இடம் எதுவென்பது ஒரு முக்கியமான செய்தி. இறைச்சியும் மீனும் அக்காலத்திலே பெரும்பாலும் வீட்டின் கோடிப்புறத்திலோ கிணற்றடியிலோ ஒரு சட்டியில் வைத்துக் கழுவப்பட்டன. கழுவிய நீர் வாழையடிக்கோ தென்னையடிக்கோ போயிற்று. காகத்துக்கும் பூனைக்கும் பங்கு கிடைத்தது. பச்சையாக உண்ணும் காய்கள் அவ்விடத்தில் இருக்கவில்லை. குழாய் நீர் வீட்டுக்குள்ளே வந்து, கழுவுதொட்டி அடுக்களையின் நடுவிலே அமைந்தபின்னர்தான், பழைய வழக்கம் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தது. சட்டியில் நின்ற நீர் பீறிட்டுப் பாயும் நீராயிற்று. தொட்டியின் அருகிலே வெட்டிய வெள்ளரிக்காயும் தக்காளியும் இருக்கலாயின. வழக்கத்தைக் குறைகூறுவோர் இந்தக் குடிபெயர்ச்சியைக் கருதுவதில்லை.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகைவன் கண்டறியப்பட்ட வரலாறு. 1888ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் பிராங்கன்ஹவுசன் என்னும் ஊரில், நோயுற்ற பசு ஒன்றின் இறைச்சியை உண்டவர்கள் நோய்ப்பட்டனர், ஒருவர் இறந்தார். ஆகுஸ்ட் கெர்ட்னர் என்னும் மருத்துவர் அந்த இறைச்சியிலும் இறந்தவரின் உடலிலும் ஒரே கிருமியைக் கண்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்காவிலே தியோபால்ட் ஸ்மித் என்பவர் பன்றிகளிடத்தே அவ்வினத்துக் கிருமி ஒன்றைக் கண்டிருந்தார். அவருடைய மேலதிகாரியின் பெயர் டானியல் சால்மன். 1900ஆம் ஆண்டில் அக்கிருமி இனத்துக்குச் சல்மொனெல்லா என்று பெயரிடப்பட்டது; கண்டவர் பெயர் நிற்கவில்லை, அதிகாரியின் பெயர் நின்றது. ஆற்றிலே நீந்தும் சால்மன் மீனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கோழியைப் பொறுத்தவரையில் இதனினும் பரவலான மற்றொரு கிருமி நெடுங்காலம் மறைந்திருந்தது. கம்பிலோபக்டர் எனப்படும் அதனை வழக்கமான முறைகளால் வளர்த்துக் காண்பது அரிதாயிருந்தது. 1977ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவராகிய மார்ட்டின் ஸ்கிரோ, வயிற்றோட்டத்தால் வருந்திய 803 பேரைச் சோதித்து, அவர்களுள் 57 பேரிடம் இக்கிருமியைக் கண்டதாக வெளியிட்டார். அக்கிருமி தங்கும் இடங்களுள் கோழி முதன்மையானது என்பது விரைவிலே தெளிவாயிற்று. 1981ஆம் ஆண்டில் ரொபின்சன் என்னும் ஆராய்ச்சியாளர், ஏறக்குறைய 500 கிருமிகளை மாத்திரம் பாலிலே கலந்து தாமே குடித்துப் பார்த்தார், நோயும் கண்டார். ஐந்நூறு கிருமிகள் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு துளியிலே அடங்கிவிடும் தொகை. கழுவும்போது தெறிக்கும் துளியைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்ததென்பது இதனால் விளங்கும். இறைச்சியில் உள்ள கிருமியை அடுப்பு கொன்றுவிடும்; கோழியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை அடைந்தாற் போதும். தொட்டியிலும் கையிலும் அருகிலிருக்கும் பச்சைக் காயிலும் தெறித்த கிருமி அடுப்புக்குப் போவதில்லை.

இதற்கிடையே தொழிற்சாலைகளும் கோழியைக் கழுவிக்கொண்டேயிருந்தன என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கத் தொழிற்சாலைகள் குடல் நீக்கிய கோழிகளைக் குளிர்நீர்த் தொட்டிகளில் அமிழ்த்திக் குளிர்விக்கும் முறையைக் கைக்கொண்டன. அந்நீரிலே குளோரீனும் சேர்த்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1997ஆம் ஆண்டில் இதனை ஏற்க மறுத்தது. கோழி உடலைக் கழுவுவதற்கு நீரைத் தவிர வேறெதனையும் பயன்படுத்திய இறைச்சி ஐரோப்பியச் சந்தைக்குள் வரலாகாதென்று நிறுத்திவிட்டது. பண்ணை முதற்கொண்டு ஒவ்வொரு படியிலும் தூய்மை பேணவேண்டுமேயன்றி, இறுதியிலே மருந்து நீரால் கழுவி எல்லாவற்றையும் சரிக்கட்டலாகாது என்பது ஐரோப்பியரின் வாதம். வீட்டுப் பெண் கழுவலாமா என்ற வினாவே இங்கு இரண்டு வல்லரசுகளின் வர்த்தகப் பிணக்காக உருவெடுத்தது.

2014ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் உணவுத் தர நிறுவனம் கோழியைக் கழுவவேண்டாம் என்று பெரும் பிரசாரஞ் செய்தது. நூற்றுக்கு 44 வீதமானோர் எப்பொழுதும் கழுவியே சமைக்கின்றனர் என்று அந்நிறுவனம் அப்போது கூறியது. சமையற் கலைஞரிடையேயும் ஒருமைப்பாடு இருக்கவில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஜூலியா சைல்ட் அம்மையாரும் பிரெஞ்சுச் சமையற்காரராகிய ஜாக் பெப்பானும் ஒருங்கே தோன்றியபொழுது, அம்மையார் கோழியைக் கழுவுபவராகவும் பெப்பான் கழுவாதவராகவும் காணப்பட்டனர். இருவரும் தத்தம் வழியை விடவில்லை, விருந்தும் கெடவில்லை.

2019ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 300 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. தீங்கற்ற அடையாளக் கிருமி ஒன்றைக் கோழியிலே இட்டு, சமையல் முடிந்தபின் அது எங்கெங்கே சென்றதென்று பார்த்தனர். கோழியைக் கழுவியவர்களுள் நூற்றுக்கு 60 வீதமானோரின் தொட்டியிலே அக்கிருமி இருந்தது. தொட்டியைச் சுத்தஞ்செய்ய முயன்ற பின்னரும் 14 வீதமானோரிடத்தில் அது எஞ்சியிருந்தது. 26 வீதமானோர் பச்சைக் கீரைக்கும் அதனைக் கொண்டுபோயிருந்தனர். இவ்வளவும் கழுவுதலுக்கு எதிரான சாட்சியே. ஆனால் அதே ஆய்வில், கழுவாதவர்களுள்ளும் 31 வீதமானோரின் கீரையிலே அக்கிருமி காணப்பட்டது. கழுவியவரைவிடக் கழுவாதவர் தொகை குறையவில்லை என்பது பிரசாரஞ் செய்தோருக்கு உவப்பான செய்தியாயிருந்திராது. கை கழுவும் பழக்கம் குறைவாயிருந்ததே இதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். கீரையை முதலில் அரிந்து ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னரே பச்சை இறைச்சியைத் தொடவேண்டும் என்ற அறிவுரையையும் சேர்த்துக்கொண்டனர். கழுவாதே என்னும் ஒரு சொல்லைவிட இந்த அறிவுரை பெறுமதி மிக்கது.

நீர் தெறிக்கும் விதத்தையும் பௌதிக ஆராய்ச்சியாளர் சிலர் தனியே ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழாய் உயர்ந்திருக்குந்தோறும் தெறிப்பு மிகுகின்றது. கோழியின் தோல் மென்மையானது. நீர் விழுமிடத்திலே சிறு குழி விழுந்து, அக்குழி துளிகளை மேலும் மேலும் எற்றிவிடுகின்றது. ஆக, கோடிப்புறத்துச் சட்டியில் அசையா நீரிலே கழுவுவதும், உயர்ந்த குழாயின் கீழே கோழியைப் பிடிப்பதும் பெயரால் மாத்திரமே ஒன்று.

இவ்வறிவுரைகள் கரிபிய நாட்டாரிடத்தும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடத்தும் சினத்தை மூட்டின. அதனை வெறும் பிடிவாதமென்று தள்ளுதல் பொருந்தாது. கழுவாத இறைச்சியைச் சமைக்கும் வீடு அழுக்கு வீடு என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்களிடம், கழுவுவதே அழுக்கு என்று சொன்னால், அது தாய்க்கும் பாட்டிக்கும் கூறிய வசையாகவே காதில் விழும். மேலும் அவர்கள் கழுவுவது கிருமியை எண்ணியன்று. எலும்புச் சிம்பையும் வழுவழுப்பையும் வெடுக்கையும் எண்ணியே. கிருமி போகாது என்னும் விடை, அவர்கள் கேளாத வினாவுக்கு விடை.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் அமெரிக்காவிலேயே நடந்தது. அங்கே கறுப்பின மக்கள், சிறப்பாக நத்தார் புதுவருடக் காலங்களிலே, பன்றிக் குடலைச் சமைத்து விருந்துண்பர். அடிமை வாழ்விலே நல்ல இறைச்சி பெரும்பாலும் எசமானர் வீட்டுக்குப் போக, மிஞ்சிய பாகங்களைக் கொண்டு ஆக்கிய உணவு, விடுதலையின் பின்னர் விழாவுக்குரிய உணவாயிற்று. குடலைச் சுத்தஞ் செய்தல் இலேசான வேலையன்று. பலமுறை அலசி, கொழுப்பையும் சவ்வையும் விரலால் உரித்து, நீர் தெளியும் வரையில் கழுவவேண்டும். ஒரு வாளி குடலுக்குப் பல மணி நேரம் செல்லும். 1988ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அற்லாந்தா நகரிலே கைக்குழந்தைகள் பலர் கடும் வயிற்றோட்டத்துக்கு ஆளாயினர். யெர்சினியா என்னும் கிருமி அவர்களிடம் காணப்பட்டது. குழந்தைகள் குடலை உண்டவர்களல்லர், தொட்டவர்களும் அல்லர். வீட்டிலே குடலைச் சுத்தஞ் செய்தவர்களின் கைவழியாகவே நோய் குழந்தையை அடைந்தது என்பது ஆராய்ச்சியின் முடிவு. அழுத குழந்தையைத் தூக்குவதற்கும் பாற்போத்தலை எடுப்பதற்கும் வேலையை விட்டு எழுந்த கை அது.

குடலைக் கழுவாதீர் என்று இவர்களிடம் சொல்லவியலாது. கழுவாத குடலை எவரும் உண்ணார். எனவே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வேறு வழி கூறினர். கடையிலிருந்து கொண்டுவந்த குடலை முதலில் ஐந்து நிமிடம் கொதிநீரிலே வேகவிட்டு, அதன்பின்னர் வழக்கம்போலக் கழுவிச் சுத்தஞ் செய்க என்பது அவ்வழி. சீன அடுக்களையின் பழைய உபாயத்தை இது ஒத்திருப்பது தற்செயலே. அவ்வாறு செய்தாற் சுவை கெடுவதில்லை; சவ்வை உரிப்பதும் எளிதாகின்றது. குடல் சுத்தஞ் செய்யப்படும் வேளையிலே குழந்தைகளை அடுக்களைக்குள் விடலாகாதென்றும், அவர்களுக்குப் பாலூட்டும் பொறுப்பை அன்றைக்கு வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்கவேண்டும் என்றும் அவ்வறிவுரையோடு சேர்த்துச் சொல்லப்பட்டது.